பக்கவாதத்தில் சுருண்ட விரல்களுக்குக் காற்றுக் கையுறை வாங்கலாமா?

சிவதாபுரத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் கண்ணி பற்றவைத்த அப்பாவுக்கு நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது தடியில்லாமல் நடக்கிறார், தோளைத் தூக்குகிறார், முழங்கையை மடக்குகிறார். விரல்கள் மட்டும் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடக்கின்றன. காற்றடித்து விரல்களை விரித்து மூடும் ரோபோ கையுறை ஒன்றைக் கைபேசி விளம்பரத்தில் பார்த்திருக்கிறார்கள், விலை பதினெட்டாயிரம் ரூபாய். நகையை அடகு வைத்தாவது வாங்கிவிடலாமா, வாங்கினால் அப்பா மறுபடி பட்டறையில் உட்காருவாரா என்பது கேள்வி.

நகையை வைக்க வேண்டாம். அந்தக் கையுறை ஏமாற்றுவேலை என்பதால் சொல்லவில்லை. என் சிகிச்சை அறையிலேயே அப்படி ஒன்று இருக்கிறது, சிலருக்கு எடுத்து மாட்டவும் செய்கிறேன். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாமல் வாங்கிய வீடுகளில் மூன்றாவது மாதம் அது பீரோவின் மேல் ஏறிவிடும். பதினாறு ஆண்டுகளாகச் சேலத்தில் இயன்முறை சிகிச்சை செய்கிறேன். அந்தப் பீரோக்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்பாவின் கையில் கோளாறு எதுவும் இல்லை என்பதை முதலில் வீட்டில் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். தசை, எலும்பு, மூட்டு எல்லாம் ஏறக்குறைய பட்டறையில் கடைசியாக உட்கார்ந்த அன்றைக்கு இருந்தபடிதான் இருக்கின்றன. மூளையின் இடது பாதியிலிருந்து வலது கைக்கு வந்துகொண்டிருந்த கட்டளைதான் அறுந்துபோயிருக்கிறது. மூடும் தசைகள் கடிவாளம் போன மாடுபோல இழுத்துக்கொண்டு நிற்கின்றன. திறக்கும் தசைகளுக்கோ சேதியே போய்ச் சேருவதில்லை. பாதிப்புக்குத் தப்பிய மூளைப் பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொள்ள முடியும். அதற்கு அவர் முயல வேண்டும், முயன்றது என்ன ஆயிற்று என்று கண்ணும் தோலும் மூளைக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும், அது நூற்றுக்கணக்கான தடவை நடக்க வேண்டும். சிகிச்சை அறைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஓர் அமர்வில் நோயாளியின் கை உருப்படியான வேலைக்கான அசைவைச் செய்தது சராசரியாக 32 தடவை. விலங்குகளின் மூளையில் மாற்றத்தைக் காண்பதற்கு ஆய்வாளர்கள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் செய்யவைக்கிறார்கள்.

இயந்திரங்கள் புகுந்தது இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான். இயந்திரத்துக்கு அலுப்பில்லை. இருபது நிமிடத்தில் இருநூறு தடவை விரித்து மூடிவிடும். ஆனால் விரித்தது யார்?

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். கையில் கறுப்புக் கையுறை, ஐந்து விரல்களின் முதுகிலும் கொசுவம் வைத்த குழாய்கள், பக்கத்து முக்காலியில் காற்றுப் பெட்டி. புஸ் என்று ஊதினால் விரல் விரியும், உறிஞ்சினால் மூடும். அவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். “தினமும் ஒரு மணி நேரம் தவறாமல் போடுகிறோம்” என்றார் மகன், பெருமையாக. நான் பெரியவரின் முன்னால் போய் நின்று, கையைப் பார்க்காமல் சொல்லச் சொன்னேன்: “இப்போது விரல் விரிந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?” யோசித்தார். மறுபடி யோசித்தார். “தெரியவில்லையே கண்ணு” என்றார். அந்த ஒரு மணி நேரமும் கைக்குக் கிடைத்த நல்ல நீட்டல். மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும், அந்த அளவில் லாபம்தான். திறப்பதை மூளை கற்றுக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

பெரிய இயந்திரங்களிலும் எதிர்பார்த்த பலன் வந்துவிடவில்லை. பிரிட்டனில் 770 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. லட்சக்கணக்கில் விலையுள்ள கை ரோபோவில் பயிற்சி பெற்றவர்களின் கைப் பயன்பாடு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மேம்பட்டுவிடவில்லை. இதை வைத்து ரோபோவே வேண்டாம் என்பவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. நோயாளி எவ்வளவு முயல்கிறார் என்று அளந்து, தேவைப்படும் அளவுக்கு மட்டும் கைகொடுத்து, அவர் தேறத் தேற உதவியைக் குறைத்துக்கொள்ளும் இயந்திரம் காற்றுக் கையுறையைப் போன்றதல்ல. சென்னை ஐஐடியும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ அந்த வகை. ஒரே மோட்டார்தான், மணிக்கட்டுக்கு ஒன்று, விரல் திறந்து மூட ஒன்று என்று பிடிகளை மாற்றி மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம். எதிரே திரையில் விளையாட்டு ஓடும், கை அசைந்தால்தான் பொம்மை அசையும். மேசைமேல் வைக்கும் அளவு. அப்படி ஒன்று கிடைக்கும் இடத்தில் அப்பாவுக்கு வாய்ப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள்.

இப்போது அப்பாவின் கைக்கு வருவோம். உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு தகவல் எனக்கு வேண்டும். அதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். அவரை மேசைக்குப் பக்கவாட்டில் உட்காரவையுங்கள். முன்கை முழுவதும் மேசைமேல் இருக்கட்டும், உள்ளங்கை கீழ்நோக்கி, மணிக்கட்டு மேசை விளிம்புக்குச் சற்று வெளியே. காலை வெயில் படும் இடமாக இருந்தால் நல்லது, தோலுக்கு அடியில் தசை துடிப்பது நன்றாகத் தெரியும். “கையை மேலே தூக்குங்கள், விரலை விரியுங்கள்” என்று சொல்லிவிட்டு, விரலைப் பார்க்காமல் முழங்கைக்குக் கீழே முன்கையின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு நெளிவு தெரிகிறதா? மணிக்கட்டு கொஞ்சமாவது எழுகிறதா? கட்டைவிரல் வெளியே நகர்கிறதா? ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரல்கள் தாமாகவே நெகிழ்ந்து திறந்ததுபோலக் காட்டும். அது கயிறு தளர்ந்ததுதான், திறந்த கணக்கில் சேராது. மணிக்கட்டு மேலே இருக்கும்போது விரல் விரிந்தால்தான் அது அவர் செய்தது.

மணிக்கட்டு 20 பாகையும் விரல்கள் 10 பாகையும் தாமாக எழுந்தால், உங்களுக்கு எந்தக் கையுறையும் வேண்டாம். நல்ல கையைக் கட்டிப்போடும் சிகிச்சைக்கு அவர் தகுதி பெற்றுவிட்டார். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்த முறை இது. விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் நல்ல கைக்கு ஓர் உறை, இரண்டு வாரம், தினமும் பல மணி நேரம் பலவீனமான கைக்கே வேலை. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதத்துக்குள் இருந்த 222 பேரிடம் செய்துபார்த்த பெரிய ஆய்வு 2006-இல் வெளியாகி, பலன் உண்டு என்று காட்டியது. அப்பா நான்காவது மாதத்தில் இருக்கிறார், சரியான காலம். உறைக்கு அடுப்படியில் சூடான பாத்திரம் இறக்கும் துணியுறையே போதும். நடக்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் மட்டும் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பிடிக்க நல்ல கை வேண்டும். இந்த முறையில் வீட்டில் சண்டை வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோக அரைமணி நேரம் ஆகும்போது பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவால் தாங்க முடியாது, ஊட்டிவிடப் போவார். அம்மாவைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவைப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

ஒன்றுமே எழவில்லை, அல்லது தோலுக்கடியில் நெளிவு மட்டும்தான் என்றால் வழி வேறு. அப்போது முதலில் நான் எடுப்பது கண்ணாடி. சுவரில் மாட்டும் சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடி, ஒன்றரை அடிக்கு இரண்டடி. மேசைமேல் அவருடைய நெஞ்சுக்கு நேராக, குறுக்குச் சுவர்போல நிற்கவையுங்கள். பளபளப்பான பக்கம் இடது கையை நோக்கி. வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். இடது கையிலுள்ள மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இப்போது இடது கையை மெல்லத் திறந்து மூடினால், கண்ணாடிக்குள் வலது கை திறந்து மூடுவதாகக் கண் நம்பும். பின்னாலிருக்கும் வலது கையும் அதே நேரத்தில் முயல வேண்டும். துண்டிக்கப்பட்ட கையில் வலி என்று தவித்தவர்களுக்காக இந்தக் கண்ணாடி வித்தையை 1990-களில் கொண்டுவந்தவர் வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவரும் சகாக்களும் 1999-இல் ஒன்பது பக்கவாத நோயாளிகளிடம் இதைச் செய்துபார்த்து எழுதினார்கள். அதன் பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. தினமும் அரைமணி நேரம். சில நூறு ரூபாய் செலவு.

அடுத்தது, நம் ஊரில் “கரண்ட் வைப்பது” என்று சொல்கிறோமே, அது. இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வலிக்கு வைக்கும் கரண்ட் வேறு, தசையைச் சுருங்கவைக்கும் கரண்ட் வேறு. இரண்டு பெட்டிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வலிக்கு உரியதை வாங்கிவந்து விரல் அசையவில்லையே என்று வருந்தியவர்களை எனக்குத் தெரியும். இரண்டாவது வகைக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். முன்கையின் முதுகில் பட்டைகளை எங்கே ஒட்டினால் மணிக்கட்டும் விரலும் சேர்ந்து எழும் என்று முதல் தடவை ஒரு சிகிச்சையாளர் கண்டுபிடித்துத் தோலில் பேனாவால் குறித்துத் தரட்டும். மின்சாரம் வரும் அந்தச் சில நொடிகளில் அப்பாவும் “திற” என்று சேர்ந்து முயல வேண்டும், கண் கையின் மேலேயே இருக்க வேண்டும். தூங்கும்போது ஒட்டிவிட்டுப் போவது கையுறையைப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சி பார்ப்பது போலத்தான். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் கூடாது. வலிப்பு வந்ததுண்டு என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் தோல் புண்ணாவதுகூடத் தெரியாது, ஆகவே ஒவ்வொரு தடவையும் பட்டையை எடுத்த பிறகு தோலைப் பாருங்கள்.

பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு ரப்பர் பந்தை வாங்கிக்கொண்டு வந்து “அமுக்கிக்கொண்டே இருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சுருண்டு இறுகிய கைக்கு மூடுவது ஏற்கெனவே நன்றாகத் தெரியும், தெரியாதது திறப்பது. பந்தைப் பேரனிடம் கொடுத்துவிடுங்கள். புறா ரத்தம் தேய்க்கச் சொல்பவர்களும் வருவார்கள், காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கையுறையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான கையுறைகளில் ஜோடியாக இன்னோர் உறை வரும். அதை நல்ல கையில் போட்டுக்கொண்டால், நல்ல கை திறக்கும்போது பாதிக்கப்பட்ட கையையும் இயந்திரம் திறந்துவிடும். அந்த முறையை மட்டும் பயன்படுத்துங்கள், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, “நான் திறக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. மணிக்கட்டுக்குக் கீழே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து அதை நிமிர்த்திவைத்துக்கொள்ளுங்கள். வலித்தாலோ விரல் எதிர்த்து நின்றாலோ நிறுத்திவிடுங்கள். இறுக்கம் அந்த அளவுக்கு இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போட்டுலினம் ஊசி பற்றிக் கேட்கலாம். சுமார் மூன்று மாதம் தசையைத் தளர்த்திவைக்கும். அந்த மூன்று மாதத்தில் பயிற்சி செய்யாவிட்டால் ஊசிக்காசு வீண்.

கணினி விளையாட்டுகள் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கையை ஆட்டி விளையாடும் வீ என்ற நிண்டெண்டோ கருவியை நான்கு நாடுகளில் 141 பேரிடம் சோதித்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. எதிரணியினர் ஆடியது சீட்டாட்டம் போன்ற எளிய விளையாட்டுகள். முடிவில் இரண்டு அணியும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. இதைப் படித்த அன்று எனக்குப் பல்லாங்குழிதான் நினைவுக்கு வந்தது. இரண்டு விரலால் புளியங்கொட்டையை அள்ளுவது, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நழுவவிடுவது, அடுத்த குழிக்கு நகர்வது, கணக்கு வைப்பது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதைவிட நல்ல விரல் பயிற்சியை யாரும் வடிவமைத்துவிட முடியாது. எதிரே பேத்தி உட்கார்ந்து ஏமாற்றி விளையாடினால் இன்னும் நல்லது, அப்போதுதான் தாத்தா கையைக் கவனிப்பார்.

தொழில்நுட்பத்தில் எனக்கு உண்மையில் கைகொடுத்தது எது என்று கேட்டால், கைபேசி. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்த ஓர் அம்மா, இடது பக்கம் விழுந்தவர். பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி என்னிடம் வந்து சேரும்போது வாந்தியெடுத்துத் துவண்டுபோவார், பயிற்சிக்குத் தெம்பே இருக்காது. மூன்றாவது வாரம் “நீங்கள் வர வேண்டாம், நான் வருகிறேன்” என்று சொல்லி வீடியோ அழைப்புக்கு மாறினோம். லைன் வீட்டுக்குப் பின்னாலுள்ள பாறைமேல் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். பேரன் கைபேசியைப் பிடித்துக்கொள்வான், குளிருக்குத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு அவர் பாறையில் உட்காருவார். இரண்டு வட்டில், ஒன்றில் காய்ந்த காப்பிக் கொட்டை. ஒரு நிமிடத்தில் இடது கையால் எத்தனை கொட்டையை மற்ற வட்டிலுக்கு மாற்றுகிறார் என்று எண்ணுவோம். மருத்துவமனைகளில் மரக்கட்டைகளை வைத்து 60 விநாடியில் செய்யும் சோதனையின் ஏற்காட்டு வடிவம் அது. முதல் நாள் மூன்று. பத்தாவது வாரம் பதினேழு. பழம் பறிப்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து திருக வேண்டும். கார்த்திகையில் செடி சிவந்தபோது, வலது கையால் கிளையை வளைத்துப் பிடித்து இடது கையால் நான்கு பழம் திருகிக் காட்டினார், கைபேசிக்கு மிக அருகில், எனக்குப் பழமே பெரிதாகத் தெரியும்படி. இப்படி வீட்டிலிருந்தே திரை வழியாகச் செய்யும் பயிற்சி, மருத்துவமனைக்குப் போய்ச் செய்வதற்குக் குறைந்ததில்லை என்று 124 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2019-இல் காட்டியிருக்கிறது. இரு தரப்புக்கும் 36 அமர்வுகள், ஒவ்வொன்றும் 70 நிமிடம்.

பக்கவாதத்தில் பலவீனமான கைக்காக, கழுத்து நரம்பைத் தூண்ட உடலுக்குள் பொருத்தும் கருவிக்கு 2021-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்திருக்கிறது. அறுவை சிகிச்சை தேவைப்படும், அதோடு பயிற்சியும் செய்தாக வேண்டும். அதற்காக இங்கே யாரும் காத்திருக்க வேண்டாம்.

அடிபட்ட கைகளுக்கு மேலே சொன்னவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். விசைத்தறியிலோ கண்ணாடியிலோ வெட்டுப்பட்டு விரல் தசைநாணைத் தைத்திருந்தால், முதல் வாரங்களில் காற்றுக் கையுறை விரலை விரித்தால் தையல் பிய்ந்துபோகலாம். தைத்த நாண் முழுப் பலம் பெற ஏறக்குறைய 12 வாரம் வேண்டும். அதுவரை சிம்பும் (கையை அசையாமல் தாங்கும் பட்டை) பயிற்சியும் அறுவை சிகிச்சை செய்தவர் சொன்ன கணக்குப்படிதான். நரம்பு அறுந்து தைத்திருந்தால் அது நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை எத்தனை மாதம் என்று நீங்களே அளந்துகொள்ளலாம்.

பதினெட்டாயிரத்தை என்ன செய்வது? வாரம் மூன்று நாள் நேரில் வந்து பயிற்சி தரும் ஒருவருக்குச் செலவிடுங்கள், அப்பாவின் கை எந்தப் பயிற்சிக்கு அசைந்து பதில் தருகிறது என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். கையில் காசே இல்லையென்றாலும் வழி உண்டு. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள், இரண்டாவது பக்கவாதம் வந்தால் இவ்வளவு பாடும் வீணாகிவிடும். அவரைத் தூக்கும்போது வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவி வலியெடுத்தால் பிறகு எந்தப் பயிற்சிக்கும் கையைத் தர மாட்டார்.

பட்டறை விஷயம். நான்காவது மாதத்திலும் விரல் எழவில்லை என்றால், வலது கையால் கண்ணி பற்றவைக்கும் நுணுக்கம் திரும்புவது கடினம். இதை அவரிடம் மறைக்க வேண்டாம், அவருக்கே தெரிந்திருக்கும். உணர்ச்சி முழுதாகத் திரும்பாத கையை நெருப்புக்குப் பக்கத்தில் விடவும் கூடாது. ஆனால் இடது கை இடுக்கியைப் பிடிக்கப் பழகலாம், சங்கிலி நகராமல் வலது கை அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். அப்படி வேலைக்குத் திரும்பியவர்கள் உண்டு. அவருடைய சொந்த இடுக்கியையும், பற்றவைக்காத வளையங்கள் ஒரு கைப்பிடியையும் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வாருங்கள். கண்ணாடிப் பயிற்சி முடிந்ததும் அவற்றை மேசையில் கொட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும், அதே மேசையில், அதே வெளிச்சத்தில், கையைத் திறக்க முயல்வதை ஒரு நிமிடம் கைபேசியில் எடுத்து வையுங்கள். நான்கு வீடியோ சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், கையுறையைப் பற்றி அப்போது பேசலாம்.